துவக்கு இல்லாமல் மான் பார்ப்போம்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் வாழும் எமக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடு. கடலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மீனின் விலை, வலையின் விலை, எண்ணெயின் விலை, காற்று மாறும் காலம் என்று எமது கூட்டங்களில் பேச்சு முடிவதில்லை. காட்டைப் பற்றிய பேச்சோ மிகச் சுருக்கமானது. யானை வந்தது, விறகு கிடைத்தது, இறைச்சி கிடைத்தது என்பதோடு அது முடிந்துவிடும். மான் என்ற சொல் காதில் விழுந்தவுடன் "வத்தல் இருக்கிறதா?" என்று கேட்பவர்களே எம்மிடையே அதிகம். உயிரோடு நிற்கும் மானைக் கால் மணி நேரம் ஆறுதலாகப் பார்த்ததுண்டா என்று கேட்டால், காட்டோரக் கிராமத்தவர்கள் கூடச் சற்று யோசித்தே பதில் சொல்வார்கள். ஓடும் மானைப் பார்த்திருக்கிறார்கள். உரித்துத் தொங்கும் மானைப் பார்த்திருக்கிறார்கள். மேயும் மானைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த மேயும் மானைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எமது எண்ணமல்ல. சட்டமும் இடையில் வரத்தான் செய்யும். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பணம் செலவழித்து ஆட்கள் தேடி வருகின்ற ஓர் இன்பம் எமது வாசலுக்கு அருகில் இருக்கிறது. நாம் அதைக் கறிச்சட்டிக்குள் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வில்லுகளின் காடு

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாருக்குப் போகும் பழைய வீதி வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் வழியாகச் சென்று, கலா ஓயாவைக் கடந்ததும் வில்பத்துத் தேசிய பூங்காவுக்குள் நுழைகிறது. தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல் என்று இக்காடு பரந்து கிடக்கிறது. 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பு. இலங்கையின் தேசிய பூங்காக்களுள் இதுவே பெரியது. இதன் ஒரு பகுதி எமது புத்தளம் மாவட்டத்திலும் மறு பகுதி அநுராதபுரம் மாவட்டத்திலும் உள்ளது.

வில்பத்து என்ற பெயருக்கு வில்லுகள் நிறைந்த பற்று என்று பொருள் சொல்வர். வில்லு என்பது எமது பகுதியில் காணப்படும் ஒரு நீர்நிலை. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு, வாய்க்கால் உண்டு. வில்லுக்கு எதுவும் இல்லை. மணற்பாங்கான தரையில் இயற்கையாக அமைந்த ஆழமற்ற பள்ளம் அது. வடகீழ்ப் பருவமழையில் நிரம்பும். பிறகு வெயிலுக்கு மெல்ல மெல்ல வற்றும். சில வில்லுகளில் நீர் உவராகவும் இருக்கும். காளி வில்லு, பணிக்கர் வில்லு, கொக்கரே வில்லு என்று பெயர்களைக் கேட்டாலே முன்னாளில் அங்கு யார் யார் நடமாடினார்கள் என்று ஊகிக்கலாம். வண்ணாத்திவில்லு என்ற எமது பிரதேசப் பெயரிலும் ஒரு வில்லு ஒளிந்திருக்கிறது.

மானுக்கு வில்லு என்றால் சந்தை மாதிரி. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை காடு காய்ந்து கிடக்கும் காலத்தில் வில்லின் நீர் ஒரு முழம் பின்வாங்கினால், பின்வாங்கிய இடத்தில் இளம் புல் முளைக்கும். நீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைக்கும் போது மான் வேறெங்கே போகும்? காலையிலும் மாலையிலும் வில்லின் விளிம்புக்கு வந்தே தீரும். மான் பார்க்க விரும்புபவர்களும், மான் சுட விரும்புபவர்களும் அதே விளிம்பைத் தேடி வருவதற்கு இதுதான் காரணம்.

2013ஆம் ஆண்டில் இந்த வில்லுகள் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதே காட்டில் பொம்பரிப்பில் பழங்கால முதுமக்கள் தாழிகள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. அக்காலத்து மனிதரும் இந்த மான்களைப் பார்த்திருப்பர். உண்டும் இருப்பர்.

எந்த மான்?

எமது காடுகளில் மான் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை நான்கு. எல்லோருக்கும் தெரிந்தது புள்ளிமான். வில்பத்தில் அதிகம் காணப்படுவதும் அதுவே. செம்பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தின் கீழே வெள்ளைத் திட்டு. பிறக்கும் போது இருக்கும் புள்ளி சாகும் வரை மறையாது. கூட்டமாக வாழும், வெளிச்சத்தில் மேயும். ஆகவே புதிதாகப் பார்க்கப் பழகுபவர்களுக்குப் புள்ளிமானே நல்ல ஆசான்.

அடுத்தது மரை. உருவில் பெரியது, கரும்பழுப்பு நிறம், ஆணுக்குக் கழுத்தில் அடர்ந்த மயிர். பகலில் அடர் காட்டுக்குள் படுத்திருந்து இரவில் நடமாடும். விடியற்காலையில் நீரருகே ஒன்றிரண்டாக நிற்கக் காணலாம். உலக அளவில் புள்ளிமானுக்கு உடனடி ஆபத்து இல்லை என்றும், மரை அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனம் என்றும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனங்கள் வகைப்படுத்தியுள்ளன. வவுனியாப் பக்கத்தில் மரையடித்தகுளம் என்றொரு கிராமம் உண்டு. ஊர்ப் பெயராகவே நிலைத்துவிடும் அளவுக்கு மரை அடித்தது ஒரு காலத்தில் பெரிய நிகழ்ச்சியாக இருந்திருக்கிறது.

மூன்றாவது, நாய் குரைப்பது போலக் குரல் எழுப்பும் சிறிய செம்மான். அதைக் குரைக்கும் மான் என்றே சொல்லலாம். கூச்சம் மிகுந்தது, வெளிக்கு வராது. நான்காவது சருகுமான். முயலைவிடச் சற்றுப் பெரிது. அதற்குக் கொம்பே கிடையாது. உண்மையில் அது மான் குடும்பத்தைச் சேர்ந்ததும் அல்ல என்பர் விலங்கியலாளர். சருகில் அது அசையாமல் நின்றால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

வேட்டையின் கதை

காட்டோர மக்கள் மான் வேட்டையாடியது புதிய விடயம் அல்ல. சேனை பொய்த்த வருடத்தில் மான் இறைச்சி பலரின் பட்டினியைத் தீர்த்தது. தேனில் இட்ட இறைச்சியும் காயவைத்த வத்தலும் மழைக்காலத்துக்கான சேமிப்பாக இருந்தன. அதை இன்று வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர்கள் இழித்துப் பேசுவது முறையல்ல.

காட்டை வெறுமையாக்கியது வேறொரு வேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கு மேலாகத் தோலும் கொம்பும் வியாபாரப் பொருளாயின. பெருந்தொகையான மான் தோல்கள் இத்தீவிலிருந்து கப்பலேறின. துவக்கும் வெடிமருந்தும் மலிவாகக் கிடைத்தன. மறுபுறம், பொழுதுபோக்குக்காகச் சுட்ட ஆங்கிலேயத் துரைமார். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் வாழ்ந்த காலத்தில் வேட்டை நாய்களை வைத்து மரைகளைத் துரத்திக் கொன்றதை 1850களில் ஒரு நூலாகவே எழுதினார். அதில் அவர் காட்டும் மகிழ்ச்சி இன்று வாசிக்கையில் எமக்கு அருவருப்பைத் தருகிறது. ஆயினும் விலங்கின் ஓட்டத்தை அவர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்பதையும் மறுக்க முடியாது.

இங்கே ஒரு விந்தை உண்டு. 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் வேட்டைக்காரர்களே. சுடுவதற்கு விலங்கு மிஞ்சாது என்ற கவலைதான் முதற் காரணம். அந்தச் சங்கமே காலப்போக்கில் பெயர் மாறி, நோக்கமும் மாறி, வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இன்றும் இயங்குகிறது. வில்பத்து 1905இல் சரணாலயமாக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1938இல் தேசிய பூங்காவாயிற்று. யால பூங்காவும் அதே ஆண்டில்தான் பிரகடனப்படுத்தப்பட்டது.

துவக்கைக் கீழே வைத்தவர்களின் கதைகள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. தேவநம்பியதீசன் மிகுந்தலையில் மான் ஒன்றைத் துரத்திச் சென்ற போதே மகிந்த தேரரைச் சந்தித்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. பொசன் நாளில் எமது சிங்களச் சகோதரர்கள் நினைவுகூரும் நிகழ்ச்சி அந்த வேட்டை நின்ற கணமே. ஐரோப்பியக் கிறிஸ்தவ மரபிலோ, புனித ஹூபேர்ட் வேட்டையின் போது கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டார் என்பர். வள்ளியை மான் ஈன்றதாகச் சொல்லும் கதையை எமது இந்துச் சகோதரர்கள் அறிவர். வேட்டைக்குப் போனவன் நின்று பார்த்தான் என்பதே இவற்றுள் இரண்டில் திருப்புமுனையாக இருப்பது கவனிக்கத்தக்கது.

சுருக்குக் கம்பி

இன்று மான் பெரும்பாலும் சாவது துவக்கு வேட்டைக்காரனின் கையில் அல்ல, ஆளில்லாத பொறியில். துவிச்சக்கர வண்டியின் பிறேக் கம்பி ஒன்று போதும். மான் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் சுருக்காகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம். அதிற் சிக்குவது எது என்று கம்பிக்குத் தெரியாது. கருவுற்ற பெண்மான் சிக்கும், குட்டி சிக்கும், சிறுத்தை சிக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்ட பின்னரும் சில நாட்களில் இறந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்தது, மானுக்கு வைத்தது என்றெல்லாம் சமாதானம் சொல்வதில் பயனில்லை. வைத்தவன் மறந்துபோன சுருக்கில் அகப்பட்ட மான் யாருக்கும் பயன்படாமல் புழுத்துப் போவதும் நடக்கிறது.

கட்டுத்துவக்கு இதைவிடக் கொடியது. விறகு வெட்டப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று காலை இழந்த ஏழைகள் எத்தனை பேர்! உணவுக்குள் வைக்கும் வாய்வெடியை, ஹக்கபட்டாஸ் என்பதை, கடித்துத் தாடை சிதறிய யானைக் கன்றுகள் நாட்கணக்காகப் பட்டினி கிடந்து இறக்கின்றன. பழைய வேட்டைக்காரர் இவற்றை வேட்டை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். காற்றை அறிந்து, அடிச்சுவட்டை அறிந்து, எது சினை எது மலடு என்று பார்த்துச் சுட்டவர் அவர். கம்பிக்கு அந்த அறிவு தேவையில்லை. ஆகவே மானும் குறைகிறது. மானைப் பற்றிய அறிவும் குறைகிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். மானையோ மரையையோ கொல்வதும், பிடித்து வளர்ப்பதும், அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றங்கள். தண்டனை அனுபவிப்பது பெரும்பாலும் கம்பி கட்டிய கூலியாள்தான். நகரத்திலிருந்து வாகனத்தில் வந்து வாங்கிப் போகும் கனவான் அல்ல. (அவருக்கு மான் என்று விற்கப்படுவதெல்லாம் மான்தானா என்பது வேறு கதை.)

எப்படிப் பார்ப்பது?

மானைப் பார்ப்பதற்கு வேட்டைக்காரனின் அதே பொறுமையும் அதே அறிவும் வேண்டும். கடைசியில் விசையை அழுத்துவது மட்டும் இல்லை. அதனாலேயே இது வேட்டையைவிடக் குறைந்த இன்பம் என்று எண்ண வேண்டாம். சுட்டவுடன் வேட்டைக்காரனின் காட்சி முடிந்துவிடுகிறது. பார்ப்பவனுக்கோ அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்கே கூர்மை. மானிடமிருந்து உங்களை நோக்கிக் காற்று வீச வேண்டும். கைப்பிடி மணலை மெல்லக் கீழே சிந்திப் பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். கடற்கரையில் பிறந்த எமது பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கச்சான் எது, வாடை எது என்று அவர்களே அறிவார்கள். வாசனைச் சவர்க்காரம், பவுடர், பீடி, சிகரெட் எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

இரண்டாவது அசைவு. மானின் கண்கள் தலையின் இரு புறமும் இருப்பதால் பக்கமெல்லாம் தெரியும். ஆனால் அசையாத பொருளை அது எளிதில் பொருட்படுத்தாது. மரத்தடியில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருப்பவரை மரத்தின் ஒரு பகுதியாகவே கருதிவிடும். நின்று, குனிந்து, கை நீட்டிக் காட்டினால் முடிந்தது. நிறத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சிவப்புத் துணி கட்டக்கூடாது என்பார்கள். மான்களின் கண்ணை ஆராய்ந்தவர்கள் சொல்வது, அவற்றுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும், நீலம்தான் நன்றாகத் தெரியும் என்பது. ஆகவே நீலச் சாரமும் வெள்ளைச் சட்டையும் வீட்டில் இருக்கட்டும். மண்நிறம், பச்சை, பழுப்பு நல்லது.

மூன்றாவது நேரம். சூரியன் எழுந்த பின் இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் இரண்டு மணி நேரம். நடுப்பகலில் மான் நிழலில் படுத்து அசைபோடும். அப்போது தேடி அலைவது வீண்.

இடம் எது என்பதில் கவனம் வேண்டும். தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. நுழைந்தாலும் வாகனத்தை விட்டு இறங்கி நடக்க முடியாது. ஆனால் பூங்காவின் எல்லையில் மான் எல்லை பார்ப்பதில்லை. காட்டோரக் குளக்கட்டு, அறுவடை முடிந்த வயல், கைவிட்ட சேனை ஆகிய இடங்களுக்கும் அது வரும. யானையும் கரடியும் அங்கே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. இருட்டில் போக வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். காட்டை அறிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாயைக் கட்டிவிட்டுப் போங்கள். ஊர் நாய்கள் கொன்ற மான்குட்டிகளின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் நாள் எல்லா மானும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மூன்றாம் நாள் வேறுபாடு தெரியத் தொடங்கும். ஓர் ஆணின் கொம்பு முற்றிப் பளபளவென்றிருக்கும். அருகில் நிற்கும் இன்னோர் ஆணின் கொம்பு பூனைமயிர் போர்த்தது போல மென்மையாக இருக்கும். மூன்றாவதற்குக் கொம்பே இராது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போல மானுக்குக் கொம்பு நிலையானது அல்ல. அது எலும்பு. வருடத்துக்கொரு முறை கழன்று விழுந்து, புதிதாக முளைக்கும். முளைக்கும் காலத்தில் அதை மூடியிருக்கும் மெல்லிய தோலில் இரத்தம் ஓடும். முற்றியதும் அந்தத் தோலை மரத்தில் உரசிக் கழற்றிவிடும். குளிர் நாடுகளில் எல்லா ஆண்களும் ஒரே பருவத்தில் கொம்பை விழுத்துகின்றன. எமது புள்ளிமான்களோ ஆளுக்கொரு காலம் வைத்திருக்கின்றன. எந்த மாதத்தில் போனாலும் மூன்று நிலைகளையும் ஒரே கூட்டத்தில் காண்பதற்கு வாய்ப்புண்டு.

விழுந்த கொம்பும் வீணாவதில்லை. முள்ளம்பன்றி அதைக் கொறித்துத் தின்னும். மான்களே அதைக் கடித்து உறிஞ்சுவதும் உண்டு. சுண்ணாம்புச் சத்துக்காக என்கிறார்கள்.

இரண்டு ஆண்கள் தலையைத் தாழ்த்திக் கொம்பைக் கோத்துத் தள்ளுவதைப் பார்த்தால் கொலை நடக்கப் போகிறது என்றே தோன்றும். பெரும்பாலும் ஒன்று பின்வாங்கி, ஒன்றுமே நடக்காதது போலப் புல்லில் வாய் வைக்கும். சில வேளை ஓர் ஆண் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைத் தொங்கவிட்டு, மரக்கிளைக்கு முகத்தை நீட்டும். பிரசங்கம் செய்யும் பாதிரியார் போல என்று ஒருவர் சொல்ல நாம் எல்லோரும் சிரித்ததுண்டு.

பெண்மான் ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தாய்மான் குட்டியைப் புல்லிலோ பற்றையிலோ படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். குட்டியும் அசையாமல் கிடக்கும். அதைக் கண்டவர்கள் தாயில்லாக் குட்டி என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். மாட்டுப்பால் குடித்து வயிறு கழிந்து அது ஒரு வாரத்தில் செத்துப்போகும். தப்பிப் பிழைத்து வளர்ந்தாலும், ஆண் என்றால் கொம்பு முளைத்ததும் வீட்டாரையே முட்டும். தாய் பக்கத்தில்தான் இருக்கும். ஓசைப்படாமல் திரும்பி வந்துவிடுவதே குட்டிக்குச் செய்யும் உதவி.

மந்தியின் நட்பு

பாலை மரத்தில் மந்திக் கூட்டம் இருந்தால் அதன் கீழே புள்ளிமான் இருக்கிறதா என்று பாருங்கள். மந்தி ஊதாரித்தனமாக உண்ணும் பிராணி. பாதி கடித்து மீதியை வீசும். தளிரும் பழமும் கீழே கொட்டும். மான் அதைப் பொறுக்கித் தின்னும். மந்திக்கு உயரத்திலிருந்து தூரம் தெரியும்; மானுக்கு மோப்பம் தெரியும். சிறுத்தை வருவதை யார் முதலில் அறிந்தாலும் மற்றவருக்கும் செய்தி போய்விடும்.

அந்தச் செய்தியைக் கேட்கப் பழகியவருக்குக் காடு முழுவதும் பேசத் தொடங்கும். புள்ளிமான் கூர்மையாகக் கீச்சென்று கத்தும். வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டும். முன்னங்காலால் நிலத்தை உதைக்கும். கூட்டம் முழுவதும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அந்தத் திசையை நீங்களும் பாருங்கள். மரை கத்தினால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அது வீணாகக் கத்துவது அரிது. சிறுத்தை பார்க்க விரும்புபவர் சிறுத்தையைத் தேடுவதைவிட மானின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருப்பது நல்லது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஐசன்பேர்க், லொக்ஹாட் ஆகியோர் வில்பத்தில் தங்கி விலங்குகளை ஆராய்ந்து, 1972இல் அறிக்கை வெளியிட்டனர். அவர்களும் செய்தது பெரும்பாலும் இதுதான்: உட்கார்ந்து பார்த்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் எமது பாடசாலைப் பிள்ளைகளும் அதைத் தொடங்கலாம். திகதி, நேரம், காற்று, எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டி, கொம்பு எந்த நிலையில். ஒரு வருடம் எழுதினால் அந்தக் குளத்தைப் பற்றி வேறெந்த நூலிலும் இல்லாத ஏடு ஒன்று அந்தக் கிராமத்திடம் இருக்கும்.

துவக்குகள் பேசிய காலம்

வில்பத்தில் மான் பார்ப்பது பல ஆண்டுகள் நின்று போயிருந்தது. 1985இல் நடந்த தாக்குதலில் அங்கிருந்தவர்கள் பலர் கொல்லப்பட்டனர், பூங்கா மூடப்பட்டது. சமாதானப் பேச்சுக் காலத்தில் 2003இல் திறக்கப்பட்டது. 2006 மே மாதத்தில், காட்டைப் பார்க்கப் போன வாகனம் கண்ணிவெடியில் சிக்கி, எழுத்தாளர் நிகால் த சில்வாவும் உடன் சென்றவர்களும் இறந்தனர். பூங்கா மறுபடியும் மூடப்பட்டு, 2010இல்தான் திறக்கப்பட்டது. யானையிறவிலிருந்து தப்பி வரும் ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு பெண் போராளியும் வில்பத்துக் காட்டினூடாக நடந்து செல்வதாக நாவல் எழுதியவர் அவர். பகைவரான அந்த இருவருக்கும் பொதுவாக இருந்தது பறவை பார்க்கும் ஆசை. அந்தக் காட்டிலேயே அவர் இறந்தார்.

யாருக்கு இந்த இன்பம்?

இன்று எலுவன்குளம் வாயிலிலும் ஹுனுவிலகம வாயிலிலும் ஜீப் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர், வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாட்டுக் கடை என்று பல குடும்பங்கள் உயிருள்ள மானால் பிழைக்கின்றன. சுட்ட மான் ஒரு நாள் கறி. நிற்கும் மானை இன்று ஒருவருக்கும் நாளை இன்னொருவருக்கும் காட்டலாம். இக்கணக்கு எல்லோருக்கும் விளங்கும். விளங்காதது, அந்த வருமானத்தில் காட்டோரத்துக் கூலிக் குடும்பத்துக்கு வரும் பங்கு எவ்வளவு என்பது. ஜீப் வாங்க முதல் வேண்டும். வழிகாட்டிக்கு மொழி வேண்டும். தடம் பார்க்கத் தெரிந்த பழைய வேட்டைக்காரர் வேலிக்கு வெளியே நிற்கிறார். அவரைப் போன்றவர்களின் அறிவை வனசீவராசிகள் திணைக்களமும் சுற்றுலாத் துறையினரும் கூலி கொடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது எமது கருத்து. இந்தியாவில் ஜிம் கோர்பெட் புலி வேட்டையிலிருந்து புகைப்படக் கருவிக்கு மாறியவர். துரைமாருக்கு முடிந்தது எமது ஆட்களுக்கு முடியாதா?

கடலிலும் இதுவே நடந்திருக்கிறது. கற்பிட்டிக்கு வெளியே ஓங்கில் கூட்டங்கள் துள்ளும் காட்சியைப் பார்க்கக் கார்த்திகை முதல் சித்திரை வரை ஆட்கள் வருகின்றனர். முன்னர் அவற்றை ஈட்டியால் குத்திச் சுறாவுக்கு இரையாக்கியதை எமது மூத்த மீனவர்கள் அறிவர். 1993ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கடல் வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கப்பட்டவை ஆக்கியது. இன்று அதே படகுகளில் பார்வையாளர் போகின்றனர். ஆனால் பத்துப் படகுகள் ஒரு கூட்டத்தைச் சூழ்ந்து இயந்திரத்தை முறுக்கினால் அதுவும் ஒருவகை வேட்டைதான். வில்பத்தில் ஒரு சிறுத்தைக்கு முன்னால் ஜீப்புகள் முண்டியடிப்பதும் அப்படியே. ஆவுளியாவைப் பொறுத்தவரை நாம் பிந்திவிட்டோம். பார்க்க ஆசைப்பட்டாலும் அது இப்போது கண்ணில் படுவது அரிது.

பயிர் செய்பவர்களின் முறைப்பாடும் நியாயமானது. பயற்றங்கன்று முளைத்த கிழமையில் இருபது மான் வந்தால் அழகு எங்கே தெரியும்? அலம்பல் வேலியை நெருக்கமாக அடைப்பதும், அயலவர்கள் முறை வைத்துப் பரணில் காவல் இருப்பதும், காட்டை ஒட்டிய வரிசையில் எள்ளுப் போன்றவற்றை இடுவதும் ஓரளவு உதவும். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டோம். நட்டஈட்டுக்கான கோரிக்கையைக் கிராம அமைப்புக்கள் கூட்டாக எழுதிக் கொடுப்பது தனியாள் அலைவதைவிட நல்லது.

பணம் செலவழிக்காமல் மான் பார்க்க விரும்புபவர்கள் திருகோணமலைக்குப் போகலாம். பிரெட்றிக் கோட்டைக்குள், கோணேசர் கோவிலுக்குப் போகும் வீதியோரமாகப் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் திரிகின்றன. அஞ்சாமை அங்கே அவற்றுக்கு நன்மையாக முடியவில்லை. யாத்திரிகர் வீசும் பொலித்தீனை உணவென்று தின்று மான்கள் இறந்திருக்கின்றன.

எமது பகுதியில் பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயத் திருநாளுக்குப் பலர் வில்பத்தினூடாகவே பயணம் செய்கிறோம். அப்பயணத்தில் மான் பார்ப்பதற்குத் தனிச் செலவு இல்லை. எலுவன்குளத்தைத் தாண்டியதும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பொதியின் தாளையும் பையையும் வெளியே வீசாமல் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளை யன்னல் பக்கம் உட்கார வையுங்கள். மான் நின்றால் சாரதி வேகத்தைக் குறைக்கட்டும். கை தட்டவோ கூவவோ வேண்டாம். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் திறந்த புல்வெளிகளைக் கடந்துவிடலாம். அந்த நேரத்தில் அவை அங்கேதான் நிற்கும்.